இருட்டில் தொலைந்த ஒளி

அன்புள்ள நண்பா,

ஏழு மாதமாக உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. கோபமிருந்தால் திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன். இங்கே அனைவரும் நலம். அக்காவின் முழங்கால் தேறிவிட்டது. சின்னவன் உன்னைப் போலவே எதற்கெடுத்தாலும் வாதாடுகிறான்.

நீ அன்று தொடங்கிய வாதம்தான் என்னை இப்போது எழுத வைக்கிறது. ஒளியை இரண்டு மெல்லிய பிளவுகள் வழியே விட்டு, திரையில் வெளிச்சமும் இருட்டும் மாறி மாறிப் பட்டைகளாக விழுவதைப் பார்க்கும் இரட்டைப் பிளவுச் சோதனையின்போது எழுந்து நின்று, "கரும்பட்டையில் விழ வேண்டிய ஒளி எங்கே போனது?" என்று கேட்டாயே! வாத்தியார் கணக்குப் போட்டார்: ஒவ்வொரு பிளவும் தனியே ஒரு பங்கு ஒளி தந்தால், பொலிவுப் பட்டையின் நடுவில் செறிவு இரண்டல்ல, நான்கு பங்கு, கரும்பட்டையில் சுழி, சராசரி இரண்டு. எதுவும் தொலையவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. எல்லோரும் தலையாட்டினோம். நீ மட்டும், "பொலிவுப் பட்டையே இல்லாமல் எல்லாம் இருண்டால்?" என்றாய். நெட்டையன் உன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான்.

சென்ற வாரம் அதுவே என் கண்முன் நடந்தது. மாணவர்களுக்காக மைக்கேல்சன் குறுக்கீட்டுமானியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அதில் ஓர் அரைக்கண்ணாடி லேசர் ஒளியில் பாதியை எதிரொளித்து, பாதியை ஊடுருவ விடும்; இரண்டு பாதிகளும் வெவ்வேறு ஆடிகளில் பட்டுத் திரும்பி, மறுபடி சேர்ந்து திரையில் வளையங்களாக விழும். வளையங்கள் ஒவ்வொன்றாக நடுவில் சுருங்கி மறைந்தன. கடைசியில் திரை முழுக்க ஒரே கருமை. "லேசர் எரிகிறதே, ஒளி எங்கே சார்?" என்றாள் ஒரு மாணவி. அப்படியே உன் குரல்!

லேசருக்கும் அரைக்கண்ணாடிக்கும் நடுவே ஒரு மெல்லிய கண்ணாடித் தகட்டைச் சாய்த்து வைத்தேன். பக்கத்தில் பிடித்த வெள்ளைத் தாளில் சிவப்பு பளிச்சென்று விழுந்தது. ஒளி வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது! ஓர் ஆடியை நகர்த்தும் திருகை மயிரிழை திருப்பினால் திரை வெளுக்கும், தாள் மங்கும். 632.8 நானோமீட்டர் ஒளிக்கு, ஆடி 158 நானோமீட்டர் நகர்ந்தாலே இரண்டும் இடம் மாறிவிடுகின்றன. திரைக்குப் போகும் கதிர்கள் அரைக்கண்ணாடியின் எதிரெதிர்ப் பக்கங்களில் எதிரொளிப்பவை. அதனால் அங்கே அவை ஒன்றையொன்று அழிக்கும்போது, திரும்பும் வழியில் கைகோத்துக்கொள்கின்றன. இரண்டு வழியும் ஒருசேர இருளவே முடியாது. ஈர்ப்பலைகளைத் தேடும், 4 கிலோமீட்டர் கைகள் கொண்ட லைகோ என்னும் ராட்சதக் குறுக்கீட்டுமானியும் வெளிவாயிலை ஏறக்குறைய இருட்டாக வைத்துக்கொண்டு, திரும்பி வரும் ஒளியை இன்னோர் ஆடியால் மறுபடி உள்ளே அனுப்புகிறது.

இத்தோடு விட்டிருப்பாயா நீ? "இரண்டு ஒளிமூலங்களை அலைநீளத்தைவிட மிக நெருக்கமாக வைத்தால்?" என்பாய். அதுதான் மூன்று இரவுகளாக என்னைத் தூங்கவிடவில்லை. இரண்டும் ஒரே கட்டத்தில், அதாவது ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கி, அதிர்ந்தால் எல்லாத் திசையிலும் நான்கு பங்கு. ஈடுகட்ட ஒரு கரும்பட்டைகூடக் கிடையாது. விடை மூலத்திலேயே இருக்கிறது, நண்பா. ஒவ்வொன்றும் மற்றதன் புலத்தை எதிர்த்து அதிர வேண்டியிருப்பதால், தனியே இருந்ததைவிட இரண்டு மடங்கு ஆற்றல் செலவிடுகிறது. எதிர்க்கட்டத்தில், ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும்படி, அதிர்ந்தாலோ, அலையாக வெளியேறுவதே மிகக் குறைவு. ஆற்றல் வழியில் அழியவில்லை, புறப்படவே இல்லை. இதை அன்று யாராவது நமக்குச் சொல்லியிருக்கக் கூடாதா? உன்னை உட்கார வைத்தார்களே என்று இப்போது எனக்கு உண்மையாகவே ஆற்றாமையாக இருக்கிறது.

"எல்லாம் இருண்டால்?" என்ற அந்தக் கேள்வியை உன் செய்முறைக் குறிப்பேட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்திருந்தாய். குறிப்பேடு இன்னும் இருந்தால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு. திங்கட்கிழமை அந்தப் பெண்ணிடம் காட்ட வேண்டும்.

அன்புடன்,
உன் பக்கத்து பெஞ்சுக்காரன்