சௌராஷ்டிர மொழிக்குச் சான்றிதழ்ப் படிப்பு தொடங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கக் கணக்கர்,
கைத்தறி நகர், நிலையூர், மதுரை.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
உயர்கல்வித் துறை, தலைமைச் செயலகம், சென்னை.

பொருள்: மதுரை காமராசர் பல்கலைக்கழக இணைவு பெற்ற கல்லூரி ஒன்றில் சௌராஷ்டிர மொழிக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு தொடங்கக் கோருதல், ஆசிரியர் தகுதியில் தளர்வு கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். என் அப்பா தறி நெய்தவர். அவர் விட்டுப்போன நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. முதலில் சாயக் கணக்கு, அப்புறம் எங்கள் மொழியில் பாடிய நடனகோபால நாயகி சுவாமிகளின் கீர்த்தனைகள், நடுவே யாருக்கோ கொடுத்த கைமாற்று. எல்லாம் சௌராஷ்டிர எழுத்தில். தொகையை மட்டும் வழக்கமான எண்ணில் எழுதியதால் அது புரிகிறது: 85 ரூபாய். யாருக்குக் கொடுத்தார் என்பதை அவர் பிள்ளையான என்னால் படிக்க முடியவில்லை. முப்பது வருடம் கணக்கு எழுதிப் பிழைத்தவனுக்கு இது கொஞ்சம் வெட்கமான விஷயம்தான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 2,47,702 பேர். மதுரை, பரமக்குடி, சேலம், கும்பகோணம், திண்டுக்கல் என்று தறியும் சாயமும் போன இடமெல்லாம் இருக்கிறோம். மதுரைச் சுங்குடிக்கு 2005 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சேலைக்கு முடிச்சுப் போடும் பெண்கள் பேசிக்கொள்ளும் மொழியை மட்டும் முறையாகக் கற்க வழி காணோம். பாட்டி சௌராஷ்டிரத்தில் கேட்கிறாள், பேத்தி தமிழில் பதில் சொல்கிறாள். பேத்திக்குப் புரியாமல் இல்லை, வாயில் வரவில்லை.

தமிழுக்குப் பதிலாக எதையும் நாங்கள் கேட்கவில்லை. படித்ததும் தமிழில்தான், பக்கத்து வீட்டாரோடு சண்டை போடுவதும் தமிழில்தான்.

மொழிக்கு எழுத்து இல்லை, நூல் இல்லை என்று சொல்லிவிட முடியாது. டி. எம். ராமராய் எழுத்தைச் சீர்செய்து பாடப் புத்தகங்களே அச்சிட்டார். கணினியில் உலக மொழிகளின் எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடின் 2008 இல் வந்த 5.1 பதிப்பில் சௌராஷ்டிர எழுத்தும் சேர்ந்துவிட்டது. ஜப்பானிய அறிஞர் நொரிஹிகோ உச்சிதா 1990 இல் சௌராஷ்டிர–ஆங்கில அகராதி வெளியிட்டார். ஜப்பான்காரர் கற்றுக்கொண்டு அகராதி போட்ட மொழியை மதுரைப் பிள்ளைகள் கற்க ஒரு வகுப்பறை கேட்கிறோம், அவ்வளவுதான்.

இதற்காகச் சென்ற ஆண்டு ஒரு கல்லூரிக்குப் போனேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் கேட்ட முதல் கேள்வியிலேயே விஷயம் நின்றுபோனது: "பாடம் நடத்துபவருக்கு அந்த மொழியில் முதுகலைப் பட்டம் இருக்கிறதா?" சௌராஷ்டிரத்தில் பட்டம் கொடுத்தால்தானே ஐயா பட்டதாரி கிடைப்பார்? எழுத்து தெரிந்த பெரியவர்கள் எங்கள் தெருவில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவருக்கு எண்பது தாண்டிவிட்டது. பள்ளி இறுதிவரை படித்தவர். என் அப்பாவின் நோட்டைக் கொடுத்தால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மளமளவென்று படிப்பார், கண்புரை முற்றாமல் இருந்திருந்தால். தகுதி விதி மாறும்வரை இவர்கள் காத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே இந்த ஒரு படிப்புக்கு மட்டுமாவது, மொழியியல் பேராசிரியர் ஒருவர் பொறுப்பில் பாடத்திட்டம் வகுத்து, மொழியும் எழுத்தும் அறிந்த பெரியவர்களை மணிக்கணக்கு மதிப்பூதியத்தில் நியமிக்கப் பல்கலைக்கழகத்துக்கு அனுமதி தரும்படி கேட்டுக்கொள்கிறேன். அவர்களைச் சோதித்துத் தேர்வு செய்யட்டும், அதில் ஆட்சேபம் இல்லை. பட்டத்தை மட்டும் கேட்க வேண்டாம்.

வகுப்பு ஞாயிற்றுக்கிழமை காலையில் இருந்தால் தறிக்காரரும் கடைக்காரரும் வருவார்கள். முப்பது பேருக்கு இடம் போதும். வயது வரம்பும், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி என்ற நிபந்தனையும் வேண்டாம். சான்றிதழ் பல்கலைக்கழகத்தின் பெயரில் வர வேண்டும். எங்கள் ஆட்களே அச்சடித்துக் கொடுக்கும் சான்றிதழை எங்கள் வீட்டுப் பிள்ளைகளே மதிப்பதில்லை.

எந்த எழுத்தில் கற்பிப்பது என்று எங்களுக்குள் பழைய தகராறு ஒன்று உண்டு; மறைத்துப் பயனில்லை. சௌராஷ்டிர எழுத்து, தேவநாகரி, தமிழ் என மூன்று கட்சி. தமிழெழுத்து எல்லோருக்கும் தெரியும், ஆனால் வீட்டுக்கு நாங்கள் சொல்லும் சொல்லை அதில் 'கெர்' என்று எழுதினால் முதல் எழுத்தை நான்கு விதமாக வாசிக்கலாம். தவிர, ன, ம, ர, ல ஆகியவற்றோடு மூச்சைச் சேர்த்துச் சொல்லும் ஒலிகள் எங்களுக்கு உண்டு. அதற்கென்றே சௌராஷ்டிர எழுத்தில் 'ஹாரு' என்று ஒரு குறி இருக்கிறது. முதல் மூன்று மாதம் ஸ்தோத்திரப் புத்தகங்களில் உள்ளதுபோல ஒலி வேறுபாட்டைக் காட்ட எண்ணிட்ட தமிழெழுத்தில் பேச்சும், அடுத்த மூன்று மாதம் சௌராஷ்டிர எழுத்தும் என்று வைத்தால் பெரும்பாலோர் ஒப்புக்கொள்வார்கள். மற்றவர்களை நாங்கள் பேசிச் சமாளித்துக்கொள்கிறோம்.

வரும் கல்வியாண்டிலேயே தொடங்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் தெருவில் சேர விருப்பம் தெரிவித்தவர்களின் கையெழுத்துப் பட்டியலையும், அப்பாவின் நோட்டில் அந்த 85 ரூபாய் உள்ள பக்கத்தின் நகலையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்

இடம்: மதுரை