நாலு வருஷ எல்.எல்.பி. மேல் பழி போடாதீர்கள்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் வந்த ஒரு வாசகர் கடிதத்தை என் மகன் போனில் காட்டினான். இங்கே தென்னாப்பிரிக்காவில் பள்ளி முடித்த பிள்ளைகளை நேரே சட்டத்தில் சேர்த்து நாலே வருஷத்தில் எல்.எல்.பி. கொடுத்து அனுப்புகிறார்கள், அதனால்தான் ஒரு கடிதம்கூட ஒழுங்காக எழுதத் தெரியாதவர்கள் அட்டர்னி, அதாவது கட்சிக்காரரை நேரே பார்த்து வேலை செய்கிற வக்கீல், ஆகிறார்கள், ஐந்து வருஷமாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதியிருந்தார். அவரும் ஒரு அட்டர்னியாம். நான் அட்டர்னி இல்லை. டர்பனில் ஒரு அட்டர்னி ஆபீஸில் 36 வருஷம் வேலை பார்த்தவள், முதலில் டைப்பிஸ்ட், அப்புறம் வீடு நிலம் பெயர் மாற்றும் கன்வேயன்சிங் பிரிவில் செக்ரட்டரி. தமிழை மாலை வகுப்பில் படித்தவள் என்பதால் பிழை இருந்தால் திருத்திப் போடுங்கள்.

புதிதாக வருகிற பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதத் தெரியவில்லை என்பது உண்மைதான், நான் மறுக்கவில்லை. பணம் பாக்கி வைத்தவருக்கு ஒரு நோட்டீஸ் எழுதச் சொன்னால் மூன்று பக்கத்துக்கு ரோமானியர் காலத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். ஆனால் ஐயா, பழைய ஆட்களும் அப்படித்தான் வந்தார்கள்! பி.ஏ. முடித்து அதற்கு மேல் எல்.எல்.பி. படித்து, ஐந்து வருஷம் பல்கலைக்கழகத்தில் இருந்துவிட்டு வந்த ஒரு பையன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப்பதிவு ஆபீஸுக்கு ஒரு கையெழுத்து இல்லாமலே பத்திரக் கட்டு ஒன்றை அனுப்பி, அது திரும்பி வந்து, வீடு வாங்கியவர் எங்கள் கவுண்டரில் நின்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. அவன் இன்று நல்ல வக்கீல். இரண்டு வருஷம் எங்களிடம் அடி வாங்கிப் படித்தான், அவ்வளவுதான்.

என் மூத்த அண்ணன் கதையைச் சொல்கிறேன். இந்தியர்களுக்கென்று தனியாக 1961இல் சாலிஸ்பரி தீவில் ஒரு யுனிவர்சிட்டி காலேஜ் திறந்தார்களே, டர்பன் துறைமுகத்தில் படகு ஏறிப் போக வேண்டும், அங்கே பி.ஏ. படித்தார். அதற்கப்புறம் கரும்பாலை ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டே யூனிசா என்கிற தபால் வழிப் பல்கலைக்கழகத்தில் பி.ப்ராக் என்ற சட்டப் பட்டம். மொத்தம் ஒன்பது வருஷம். வருஷக் கணக்குதான் வக்கீலை உண்டாக்கும் என்றால் நாட்டிலேயே பெரிய வக்கீல் என் அண்ணனாகத்தான் இருந்திருக்க வேண்டும். பாவம், கோர்ட்டில் அவருக்கு வாய் வராது, உயில் எழுதுவதோடு நின்றுவிட்டார்.

அந்த நாலு வருஷப் படிப்பு ஏன் வந்தது என்பதை அந்த வாசகர் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் மூன்று விதமான சட்டப் பட்டம் இருந்தது. கோர்ட்டில் அரசு வேலைக்குப் போகிறவர்களுக்கு பி.ஜூரிஸ், அட்டர்னி ஆக பி.ப்ராக், அட்வகேட் ஆகி உயர் நீதிமன்றத்தில் நின்று பேசவும் பின்னால் நீதிபதியாகவும் வழி காட்டுவது எல்.எல்.பி. இந்தக் கடைசிப் பட்டத்துக்கு முதலில் வேறொரு பட்டம் வேண்டும், அதாவது இரண்டு தடவை ஃபீஸ் கட்ட வேண்டும். யாரால் கட்ட முடிந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. நிறவெறி ஆட்சி போய்ச் சுதந்திரம் வந்தபின் டல்லா ஓமர் நீதி அமைச்சராக இருந்தபோது, 1997இல் சட்டம் திருத்தி, எல்லாருக்கும் ஒரே பட்டம், நாலு வருஷம், அட்டர்னி ஆனாலும் அட்வகேட் ஆனாலும் அதுவே போதும் என்று வைத்தார்கள். 2014இல் வந்த லீகல் பிராக்டிஸ் சட்டமும் குறைந்தது நாலு வருஷம் என்றுதான் சொல்கிறது.

நம் ஆட்களுக்கு நவநீதம் பிள்ளையைத் தெரியாமல் இருக்காது. கிளேர்வுட்டில் பிறந்த, பஸ் டிரைவர் மகள். ஊர்க்காரர்கள் காசு சேர்த்துக் கொடுத்துத்தான் நேட்டால் (டர்பன் இருக்கிற மாகாணம்) பல்கலைக்கழகத்தில் பி.ஏ. முடித்து 1965இல் எல்.எல்.பி. வாங்கினார். வேலை கொடுக்க ஆள் இல்லாமல் 1967இல் சொந்தமாக ஆபீஸ் போட்டார், நேட்டாலில் வெள்ளையர் அல்லாத ஒரு பெண் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. பிற்பாடு ஐ.நா. மனித உரிமை ஆணையர் வரைக்கும் போனார். இதைச் சொன்னால், பார்த்தீர்களா, பழைய நீண்ட படிப்புதான் இவரைத் தந்தது என்று அந்த வாசகர் சொல்லக்கூடும். நான் வேறு மாதிரி கேட்கிறேன்: ஊர் காசு சேர்க்காத வீட்டிலிருந்து எத்தனை நவநீதம் பாதியில் நின்று துணிக் கம்பெனிக்கு வேலைக்குப் போனார்கள்? அவர்களில் இரண்டு பேரை எனக்கே தெரியும், ஒருத்தி என் வகுப்புத் தோழி. பியூஸ் லங்கா ஐயாவையும் நினைத்துக்கொள்ளுங்கள், சட்டைக் கம்பெனியில் வேலை பார்த்து, கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்து, யூனிசாவில் தபாலிலேயே பி.ஜூரிஸும் எல்.எல்.பி.யும் முடித்து, 2005இல் நாட்டின் தலைமை நீதிபதி ஆனார். நெல்சன் மண்டேலாவுக்கு எல்.எல்.பி. கிடைத்தது 1989இல், அதுவும் யூனிசா, அதுவும் சிறையில் இருந்துகொண்டே.

சரி, நியாயமாகப் பேசுவோம். அந்த வாசகர் பக்கமும் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள். 2013இல் சட்டப் பேராசிரியர்களும் வக்கீல் சங்கங்களும் கூடி இந்தப் பட்டம் சரியில்லை என்று பேசினார்கள். உயர்கல்வி கவுன்சில் ஒவ்வொரு பல்கலைக்கழகமாகப் போய்ப் பார்த்து 2018இல் கொடுத்த அறிக்கையிலும் ஐந்து வருஷமாக்கலாம் என்றே சொன்னது. அதை நான் அலட்சியமாகத் தள்ளவில்லை. ஆனால் அந்த ஐந்தாம் வருஷத்தில் என்ன வைப்பார்கள் என்பதுதான் என் கேள்வி. நாலு வருஷத்தில் சொல்லிக்கொடுக்காததைத்தான் ஐந்தாவதிலும் சொல்லிக்கொடுக்காமல் விடுவார்கள் என்று எனக்குப் பயம்.

என் பேத்தி இப்போது எல்.எல்.பி. கடைசி வருஷம். அவள் நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தேன். அரசியல் சாசனம் நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், நமக்கெல்லாம் அந்தக் காலத்தில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. ஒப்பந்தம், குற்றவியல், சாட்சியம், பழங்குடி வழக்காறு எல்லாம் இருக்கிறது. கட்சிக்காரர் பணத்தை வைக்கும் டிரஸ்ட் அக்கவுண்ட் பற்றி ஒரு வரி இல்லை. ஆனால் அட்டர்னி தேர்வில் இருக்கிற நாலு பேப்பரில் ஒன்று கணக்கு எழுதுவது! அட்டர்னிகளின் பெயரை ரோலிலிருந்து (வக்கீல் பட்டியலிலிருந்து) அடிப்பது பெரும்பாலும் எதனால் என்று நினைக்கிறீர்கள், ரோமானியச் சட்டம் மறந்ததாலா?

மொழி விஷயத்துக்கு வருகிறேன். 1894இல் பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலித் தொழிலாளி, முதலாளி அடித்ததில் முன்பல் இரண்டு உடைந்து ரத்தம் வழிய, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு டர்பனில் காந்தியின் ஆபீஸுக்கு வந்தார். அவர் சொன்னதை காந்திக்கு எடுத்துச் சொன்னவர் ஆபீஸில் இருந்த தமிழ் குமாஸ்தா. (குமாஸ்தாக்களை யார் நினைக்கிறார்கள்? நான் நினைக்கிறேன், நானும் அந்த ஜாதிதான்.) இன்று அதே ஊரில் வக்கீலிடம் வருகிற பெரும்பாலோர் சூலு பேசுகிறவர்கள். குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகம் 2014 முதல் புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு இசிசூலு, அதாவது சூலு மொழி, கட்டாயம் என்று வைத்தது, நல்ல காரியம். ஆனால் "நலமா, பெயர் என்ன" என்கிற அளவு சூலுவை வைத்து ஒரு பாட்டியிடம் அவள் பென்ஷன் எங்கே போனது என்று கேட்டு வாங்க முடியாது. எங்கள் ஆபீஸில் அதைச் செய்தது டீ போடும் அக்காதான், அவளுக்கு யாரும் பட்டம் கொடுக்கவில்லை. அதேபோல, கிராமப் பள்ளியிலிருந்து வருகிற சூலுப் பிள்ளைக்கு சட்டப் புத்தக ஆங்கிலம் மலைபோல நிற்கிறது. முதல் வருஷத்திலேயே வாரம் ஒரு கட்டுரை எழுத வைத்து, சிவப்பு மையில் திருத்திக் கொடுக்க ஆள் போட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். நானூறு பேர் உட்காருகிற ஹாலில் யார் திருத்துவது? அதற்குத்தான் பணம் வேண்டும், ஐந்தாம் வருஷத்துக்கு இல்லை.

பணம் என்றதும் இன்னொன்று. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 350,000 ராண்டுக்குள் இருந்தால் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்கிற அரசு மாணவர் உதவி நிதி செலவைப் பார்த்துக்கொள்ளும், 2018 முதல் அது கடன் இல்லை, இனாம். ஆனால் அது முதல் பட்டத்துக்குத்தான். முன்போல பி.ஏ.வுக்கு மேல் எல்.எல்.பி. என்று திருப்பினால் ஏழைப் பிள்ளைகள் பி.ஏ.வோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பேத்தியின் அம்மா, என் மகள், டீச்சர், மருமகன் ஃபேக்டரியில் சூப்பர்வைசர், இரண்டு சம்பளத்தையும் கூட்டினால் அந்தக் கோட்டைக் கொஞ்சம் தாண்டுகிறது. உதவிக்கும் ஆகாது, சொந்தக் காசும் போதாது. நாலு வருஷத்துக்கே வீட்டின் மேல் வாங்கிய கடன் இன்னும் நிற்கிறது.

பட்டம் வாங்கினாலும் உடனே அட்டர்னி ஆக முடியுமா? பொதுவாக இரண்டு வருஷம் ஆர்ட்டிகிள்ஸ், அதாவது ஒரு அட்டர்னியிடம் வேலைப் பயிற்சி, செய்ய வேண்டும், ஆறு மாதப் பயிற்சிப் பள்ளிக்கு முழு நேரமும் போனால் ஒரு வருஷம் குறையும். அந்த ஆர்ட்டிகிள்ஸ் இடத்துக்கு வருகிற விளம்பரங்களைப் படித்துப் பாருங்கள் ஐயா. நல்ல மார்க், சரி. ஆங்கிலம், சரி. அப்புறம்: லைசென்ஸும் சொந்தக் காரும் அவசியம்! கோர்ட்டுக்கும் ஷெரிஃப் ஆபீஸுக்கும் காகிதம் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு. நான் இருந்த ஆபீஸும் அப்படித்தான் கேட்டது, கேட்டுவிட்டு ஸ்விட்ச்போர்டில் இருந்த பெண்ணைவிடக் குறைவாகச் சம்பளம் கொடுத்தது. கார் தவணைக்கே பத்தாது. மூன்று மினிபஸ் டாக்ஸி மாறி ஊருக்கு வெளியே உம்லாசியிலிருந்து வந்த ஒரு பையன், இன்டர்வியூவில் எல்லாரையும்விட நன்றாகப் பேசியவன், கார் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் திரும்பிப் போனான். அவனுக்கு இடம் இல்லை என்ற கடிதத்தை டைப் செய்தது என் கைதான்.

கடைசியாக அந்த வாசகருக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்கு உம்ஹ்லாங்காவில் ஆபீஸ் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அடுத்த ஜனவரியில் ஆர்ட்டிகிள்ஸுக்கு ஆள் எடுக்கும்போது விளம்பரத்திலிருந்து அந்தக் கார் வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். கோர்ட்டுக்குப் போக ஆபீஸ் காரைக் கொடுங்கள், இல்லையென்றால் ஊபர் காசு கொடுங்கள். வருகிற பிள்ளைக்குக் கடிதம் எழுத வரவில்லை என்றால் என்னிடம் அனுப்புங்கள், செவ்வாயும் வியாழனும் காலையில் நான் சும்மாதான் இருக்கிறேன், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு கன்வேயன்சிங் செக்ரட்டரி,
சாட்ஸ்வொர்த், டர்பன்.