ஹெட்டைக் கழற்றினீர்கள், மூடியைக் கழற்றவில்லை

மட்டக்களப்பு
2025 ஜூன் 2

முகாமையாளர்,
படகு இயந்திரத் திருத்தப் பிரிவு

ஐயா,

விடயம்: மார்ச் 14ஆம் திகதி என்னிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்ட எனது கேபின் படகின் திருத்த வேலை

என் படகின் முன்பக்கத்தில் ‘செண்பகம்’ என்று இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறது. உங்கள் வேலைச் சீட்டில் அது ‘பழைய நீலப் படகு’ ஆகிவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை, பழையதுதான், நீலந்தான். ஆனால் கடந்த மாதம் நடந்ததைச் சொல்ல நான் தொலைபேசியில் அழைத்தபோதும் உங்கள் மேற்பார்வையாளரிடமிருந்து கிடைத்தது அதே பதில்: “பழைய படகுதானே ஐயா, ஐம்பது வருடத்து எஞ்சினிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?” எதை எதிர்பார்த்தேன் என்பதை எழுத்தில் தருகிறேன்.

படகு 26 அடி. கண்ணாடி நார் உடல். 1970களில் பிரித்தானியாவில் கட்டப்பட்டது. 2012இல் திருகோணமலையில் வாங்கினேன். இங்கே வாவியில் சுற்றுலாக்காரரை ஏற்றி ஓட்டுகிறேன். உள்ளே இருப்பது பேர்கின்ஸ் 4.108, நான்கு சிலிண்டர் டீசல். அதன் பின்பக்க சீலில் ஒயில் கசியும். இந்த வகை எஞ்சினை வைத்திருக்கும் எவரும் இதைச் சொல்வார்கள். அதற்குக் கீழே ஒரு தகரத் தட்டு வைத்து, கிழமைக்கு ஒருமுறை துடைத்துவிடுகிறேன். பழமை என்று நான் ஏற்றுக்கொண்டது அதைத்தான். உங்கள் ஆட்கள் அதையும் ஒரு குறையாக எழுதி, திருத்தலாமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன். நான் திருத்தச் சொன்னது வேறு.

சென்ற ஆண்டு ஒக்டோபரில் எஞ்சின் சூடேறத் தொடங்கியது. மெதுவாக ஓட்டினால் வெப்பமானி முள் அசையாது. வேகத்தைக் கூட்டினால் பத்து நிமிடத்தில் சிவப்புக் கோட்டைத் தொடும். பின்பக்கத்தில் புகையோடு வெளியே விழும் தண்ணீரும் குறைந்திருந்தது. இவை இரண்டையும் உங்கள் வேலைச் சீட்டில் என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். மாரி தொடங்கிவிட்டதால் சுற்றுலாக்காரர் இல்லை. டிசம்பரில் படகைக் கரையேற்றி உங்களிடம் விட்டேன்.

மார்ச்சில் கிடைத்த பற்றுச்சீட்டின் மொத்தத் தொகை 684,500 ரூபாய். அதில் மிகப் பெரியது ஹெட் வேலை: சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் அந்தப் பாகத்தைக் கழற்றி, லேத் பட்டறையில் மட்டம் பிடித்து, இடையில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டைப் புதிதாகப் போட்டுப் பூட்டியதற்கு 295,000. அதற்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி: ‘இம்பெல்லர் மாற்றம். பழையதில் மூன்று இதழ் இல்லை.’

அந்த வரியை எழுதியவருக்கு நன்றி. அவர் எழுதியிருக்காவிட்டால் எனக்கு இன்றுவரை எதுவும் விளங்கியிருக்காது. பம்புக்குள் சுழலும் அந்த றப்பர்ச் சக்கரத்தில் மூன்று இதழ் இல்லை என்றால், அந்த மூன்றும் எங்கே போயின? ஆவியாகிப் போகவில்லை. பம்ப் வாவித் தண்ணீரை எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் போயிருக்க வேண்டும். அங்கே முதலில் இருப்பது கூலர், வாவித் தண்ணீரால் எஞ்சினின் சூட்டைத் தணிக்கும் பாகம். அதன் இரண்டு முனைகளிலும் மூடி உண்டு. சாவி ஒன்றும் பொறுமையும் இருந்தால் போதும். உங்கள் ஆட்கள் ஹெட்டைக் கழற்றினார்கள். அந்த மூடியைக் கழற்றவில்லை.

படகைத் தண்ணீரில் இறக்கிய பிறகும் முள் வழக்கத்தை விடக் கொஞ்சம் மேலேயே நின்றது. ஏப்ரலில், புத்தாண்டுக்கு முன், அழைத்துச் சொன்னேன். புதுக் கேஸ்கட், ஓடியோடித்தான் பழகும் என்றார்கள். நம்பினேன். புத்தாண்டு விடுமுறைக்கு வந்தவர்களைக் கோட்டைப் பக்கத்திலிருந்து ஏற்றி மெதுவாகவே ஓட்டிக் காலத்தைக் கடத்தினேன்.

மே 12, வெசாக் பௌர்ணமி. கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பம், குழந்தைகளோடு ஏழு பேர். கல்லடிப் பாலத்தருகே, பௌர்ணமி இரவில் வாவிக்கு அடியிலிருந்து கேட்கும் ‘பாடும் மீன்’ ஓசையைக் கேட்க வேண்டும் என்று இரண்டு மாதம் முன்பே பதிந்திருந்தார்கள். அன்று வாடைக்காற்றும் இல்லை, கச்சான் காற்றும் இல்லை. தண்ணீர் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. பாலத்துக்கு இந்தப் பக்கம் வரும்போது பின்பக்கச் சத்தம் மாறியது. தண்ணீரும் புகையும் சேர்ந்து வரும்போது எஞ்சின் கொப்பளிப்பதுபோல ஒரு சத்தம் எழும். அது நின்று, வறண்ட தொண்டையில் இருமுவதுபோல ஒன்று வந்தது. முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியிருந்தது. எஞ்சினை அணைத்தேன்.

வடிகட்டியில் சல்லிப்பாசி சிக்கியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். நம் வாவியில் அது புதிதல்ல. வடிகட்டியைத் திறப்பதற்கு முன் படகின் அடியில் தண்ணீர் ஏறும் வால்வை மூட வேண்டும். பலகையைத் தூக்கி, டோர்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, குனிந்து கைப்பிடியைத் திருப்பினேன். கைப்பிடி கையோடு வந்துவிட்டது. அதைப் பிடித்திருந்த சின்ன இரும்புத் திருகு இரண்டு மாதத்தில் துருவேறி மாவாகிப் போயிருந்தது. நான் கொடுத்த அசைவில் வால்வின் அடிப்பக்க மரையிலிருந்து தண்ணீர் கசியத் தொடங்கியது. பீறிடவில்லை, ஆனால் இருட்டில், ஏழு பேரை வைத்துக்கொண்டு, கசிவையும் பீறலையும் பிரித்துப் பார்க்கும் மனநிலையில் நான் இல்லை.

நீங்கள் பூட்டியிருந்தது வீட்டுத் தண்ணீர்த் தாங்கிக்குப் பூட்டும் பித்தளை வால்வு. வன்பொருட் கடையில் கிடைப்பது. பற்றுச்சீட்டில் அதன் பெயர் ‘கடல் வால்வு’, விலை 9,500. பித்தளையில் இருக்கும் துத்தநாகத்தை உப்புத் தண்ணீர் வருடக்கணக்கில் அரித்தெடுக்கும். மிஞ்சுவது செம்பு நிறத்தில் பொருபொருவென்று இருக்கும், தட்டினால் உடையும். அதனால்தான் படகின் அடியில் வெண்கலம் வைக்கிறார்கள். அது இருக்கட்டும். மரையே பொருந்தவில்லையே! படகின் உடலில் இருக்கும் குழாய்க்கு நேர் மரை, நீங்கள் கொண்டுவந்த வால்வுக்குக் கூம்பு மரை. மூன்று சுற்றுக்கு மேல் அது பிடிக்கவில்லை. மீதியை வெள்ளை நாடா சுற்றி நிரப்பியிருந்தீர்கள். படகுக்கும் வாவிக்கும் நடுவே இருந்தது அந்த நாடாதான்.

வால்வு உடைந்தால் துளையை அடைக்க, ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் ஒரு மென்மரக் கூம்பு கட்டித் தொங்கவிடுவது என் பழக்கம். அன்று அதைக் கையில் பிடித்தபடி அரை மணித்தியாலம் உட்கார்ந்திருந்தேன். தோணியில் வலை விரித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் கண்டு வந்து எங்களைக் கரைக்கு இழுத்தார்கள். பணம் வேண்டாம் என்றவர்களின் கையில் 5,000 ரூபாயைத் திணித்தேன். இதற்கிடையில் அந்தக் குடும்பத்துப் பாட்டி துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு, மறுமுனையில் காதை வைத்து, கேட்கிறது கேட்கிறது என்று பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டார். எஞ்சின் செத்துக் கிடந்ததால் நன்றாகக் கேட்டிருக்கும். அவர்களுக்குச் சந்தோஷம். இருந்தும் கட்டணம் 27,000ஐ முழுதாகத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளத் தயங்கினார்கள், வற்புறுத்திக் கொடுத்தேன்.

மறுநாள் உங்கள் மேற்பார்வையாளரை அழைத்தேன். அந்த உரையாடலை மேலே எழுதிவிட்டேன்.

பிறகு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் மெஸி உழவு இயந்திரங்கள் திருத்தும் ஒருவரைக் கூட்டிவந்தேன். அவர் படகைத் தொட்டது இதுவே முதல் தடவை. ஆனால் மெஸிக்குள் இருப்பதும் பேர்கின்ஸ்தான் என்பதால் எஞ்சினைப் பார்த்ததும் சொந்தக்காரரைக் கண்டதுபோலச் சிரித்தார். சாவியை எடுப்பதற்கு முன் மூன்று கேள்வி கேட்டார். ஒயிலில் தண்ணீர் கலந்து பால்போல ஆனதா? இல்லை. வெள்ளைப் புகை வந்ததா? இல்லை. வெளியே விழும் தண்ணீர் குறைந்ததா? ஆம். “அப்படியென்றால் ஹெட்டை ஏன் கழற்றினார்கள்?” என்றார். அது நான்காவது கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.

கூலரின் மூடியைக் கழற்ற அவருக்கு நாற்பது நிமிடம் பிடித்தது. உள்ளே பென்சில் தடிப்பில் குழாய்கள் வரிசையாக இருக்கும். அவற்றின் வாயில், கட்டைவிரல் நகம் அளவில், கறுத்த றப்பர்த் துண்டுகள் இரண்டு ஒட்டிக்கிடந்தன. அவற்றைச் சுற்றிச் சின்னச் சின்ன மட்டி ஓடுகளும் சேறும். மூன்றாவது துண்டு கூலருக்கு முந்திய குழாயின் வளைவில் இருந்தது. மூன்றையும் துணியில் வைத்துக் கழுவினார். உடைந்த விளிம்புகள் பளபளப்பாகத் தேய்ந்திருந்தன. நெடுநாளாக அங்கே கிடந்த துண்டுகள். திறப்பதற்கு முன் பின்பக்கத்தில் ஒரு வாளியைப் பிடித்துப் பார்த்திருந்தோம். பூட்டிய பிறகு அதே வாளி பாதி நேரத்தில் நிரம்பிவிட்டது. முள் இறங்கி, பழைய இடத்தில் நின்றது. கூலி 8,000 ரூபாய். மதியச் சாப்பாடு என் வீட்டில்.

வேறு சிலவும் உண்டு. படகை மறுபடி கரையேற்றியபோது துத்தநாகக் கட்டிகள் புதிதுபோலவே இருந்தன, ஏனென்றால் அவற்றின் மேலும் நீலப் பெயின்ற் அடித்திருந்தீர்கள். அந்தக் கட்டி தான் கரைந்து புரொப்பெல்லரைக் காப்பாற்ற வேண்டியது. மேலே பெயின்ற் இருந்தால் அது வெறும் பாரம். நான் கேட்டதும் துத்தநாகம் அல்ல, அலுமினியம். முகத்துவாரம் வெட்டும் மாரியில் நம் வாவித் தண்ணீர் ஏறக்குறைய நன்னீர், வெயில் காலத்தில் உவர். நன்னீரில் துத்தநாகத்தின் மேல் ஒரு படலம் பிடித்து அது வேலை செய்யாமல் போய்விடும் என்று உங்கள் மேசையில் உட்கார்ந்து சொன்னேன். தலையாட்டினீர்கள்.

புரொப்பெல்லர்த் தண்டு வெளியேறும் இடத்தில் தண்ணீர் உள்ளே வராமல் சுற்றியிருக்கும் பக்கிங் கயிற்றை இறுக்கிவிட்டு, இனி ஒரு துளியும் கசியாது என்று உங்கள் ஆள் பெருமையாகச் சொன்னார். ஓடும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று துளி கசிய வேண்டும். அந்தத் துளிகள்தான் தண்டைக் குளிரவைக்கின்றன. கையை வைத்தால் பொறுக்க முடியாத சூடு. அதை நானே தளர்த்திவிட்டேன்.

படகின் கண்ணாடி நார் அடிப்பாகத்தில் எழுந்த கொப்புளங்களைப் பற்றி ஒரு வார்த்தை. குத்தினால் வினாகிரி மணத்தோடு நீர் வரும் கொப்புளங்கள் அவை; திறந்து, கழுவி, பல கிழமை உலரவிட்ட பிறகே அடைக்க வேண்டும். நீங்கள் தை மழையில் ஐந்து நாளில் அடைத்துப் பெயின்ற் அடித்தீர்கள். இப்போது மறுபடி எழும்பியிருக்கின்றன. ஆனால் பருவம் தொடங்குவதற்குள் தாருங்கள் என்று கிழமைதோறும் வந்து நெருக்கியது நான். இதில் என் பங்கும் இருப்பதால் அந்தத் தொகையைக் கேட்கவில்லை.

கேட்பது இவை. ஹெட் வேலைக்கு வாங்கிய 295,000, வால்வுக்கு வாங்கிய 9,500, பயணக் கட்டணமாக நான் திருப்பிக் கொடுத்த 27,000, இழுத்துவந்தவர்களுக்குக் கொடுத்த 5,000, திருத்தியவரின் கூலி 8,000. கூட்டினால் 344,500 ரூபாய். ஹெட்டைக் கழற்றியே ஆகவேண்டியிருந்தது என்றால் அதற்கான அழுத்தப் பரிசோதனையின் அளவுகளையும், கழற்றிய பழைய கேஸ்கட்டையும் காட்டுங்கள். அந்தத் தொகையை விட்டுவிடுகிறேன்.

இன்னொன்று. படகு கட்டிய நாளிலிருந்து அதன் அடியில் இருந்த பழைய வெண்கல வால்வு எனக்கு வேண்டும். கழற்றிய பொருட்களைத் திருப்பித் தருமாறு வேலைச் சீட்டிலேயே எழுதியிருந்தேன். கிடைத்தது ஒரு பழைய பெல்ட்டும் ஒயில் வடிகட்டியும் மட்டும். வெண்கலத்துக்கு இரும்புக் கடையில் நல்ல விலை உண்டு என்பது எனக்கும் தெரியும். யாரையும் குற்றம் சொல்லவில்லை; எங்கே போனது என்று கேட்கிறேன்.

பழையது என்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். என் படகு நின்றுபோன இடத்திலிருந்து பார்த்தால் தெரிவது 1924இல் திறந்த பழைய கல்லடிப் பாலம். 2013இல் பக்கத்தில் புதுப் பாலம் வந்துவிட்டது. பழையது இன்னும் நிற்கிறது. பாலமீன்மடு வெளிச்சவீடு 1913இல் கட்டியது. இந்த ஊரில் ஐம்பது வயதைச் சொல்லி யாரையும் பயமுறுத்த முடியாது. அன்றிரவு உடைந்ததும் பழைய பொருள் அல்ல, நீங்கள் பூட்டிய இரண்டு மாத வால்வு.

ஜூன் 10ஆம் திகதிக்குள் எழுத்தில் பதில் வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி முறைப்பாட்டுக்கு மூன்று மாத எல்லை உண்டு. எனக்கு அது ஜூன் 14இல் முடிகிறது. 10ஆம் திகதி மாலைவரை பதில் வராவிட்டால் மறுநாள் காலை முறைப்பாட்டை அனுப்புவேன்.

பற்றுச்சீட்டு, வேலைச் சீட்டு ஆகியவற்றின் பிரதிகளையும் வால்வின் படங்களையும் இணைத்திருக்கிறேன். றப்பர்த் துண்டுகள் மூன்றும் ஒரு ஜாம் போத்தலில் என்னிடம் இருக்கின்றன. பார்க்க விரும்பினால் எந்த நாளும் காலை ஒன்பது மணிக்குப் பிறகு வரலாம். வரும்போது வெண்கல வால்வையும் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
‘செண்பகம்’ படகின் உரிமையாளர்