கிரவல் போடுவதென்றால் ஆவணியில் போடுங்கள், தவிசாளர் ஐயா

மதிப்புக்குரிய பிரதேச சபைத் தவிசாளர் ஐயா, உறுப்பினர்மாரே,

எங்கள் வயல்கரை ரோட்டைப் பற்றி உங்களுக்குப் புதிதாக விளக்கத் தேவையில்லை. வாக்குக் கேட்டு நீங்களே அதில் நடந்து வந்தவர்கள்தான், அதுவும் நல்ல வெயில் காலத்தில்.

போன கிழமை நடந்ததைச் சொல்கிறேன். மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து டிப்பர் வந்து கிரவல் மண்ணைக் குவித்துவிட்டுப் போனது, மறுநாள் ஒரு பெக்கோ இயந்திரம் வந்து அதை அப்படியே தேங்கி நின்ற தண்ணீருக்கு மேல் பரப்பியது, ரோலர் வரவேயில்லை, வந்திருந்தாலும் புதைந்துதான் நின்றிருக்கும். இப்போது குழி எது ரோடு எது என்றே தெரியவில்லை, எல்லாம் சிவப்புக் களி. பெயர்ப்பலகையை மட்டும் மறக்காமல் நட்டுவிட்டார்கள். எங்கள் ரோட்டில் கொங்கிரீட் கண்ட ஒரே இடம் அந்தப் பலகையின் கால்தான்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான்: மாரிக்கு முன் செய்யுங்கள்.

திருகோணமலையில் ஒரு வருடத்து மழையில் பாதிக்கு மேல் ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதத்தில் பெய்துவிடும். இது எங்கள் வயலில் வரப்புக் கட்டுகிறவருக்கும் தெரியும். ஆனால் சபையின் கணக்கு வருடம் டிசம்பர் 31இல் முடிகிறது, அதற்குள் செலவழிக்காத ஒதுக்கீடு திரும்பிப் போய்விடும், ஆகவே எட்டு ஒன்பது மாதம் கோப்பு மேசை மேசையாக நகர்ந்து, கொந்தராத்துக் கொடுத்து முடியும்போது வானம் கறுத்துவிடுகிறது. பிறகு மழைக்குள் கிரவல். அந்தக் காசு ஒரே மழையில் வாய்க்காலுக்குள் போகிறது. கிரவல் ரோடு என்றால் நடு உயர்ந்து, ஓரத்துக்கு மீற்றருக்கு 4 முதல் 6 சென்ரிமீற்றராவது சரிய வேண்டும், அளவான ஈரத்தில் ரோலர் ஓடி இறுக வேண்டும், பக்கத்து வடிகாலும் மதகும் திறந்திருக்க வேண்டும். உங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கு இது தெரியாமல் இருக்காது.

காலையில் ஒரு நாள் சந்தியிலுள்ள பெட்டிக்கடைக்கு வந்து பாருங்கள். பெண் பிள்ளைகள் பழைய பாவாடையை உடுத்துக்கொண்டு, வெள்ளைச் சீருடையைச் சொப்பிங் பையில் சுற்றிப் பிடித்தபடி அந்தக் களிக்குள்ளால் நடந்து வருவார்கள். கடைக்கார அக்கா பின்பக்கம் உரச்சாக்கைப் பிரித்து மறைப்புக் கட்டிக் கொடுத்திருக்கிறார். அதற்குள் உடுப்பு மாற்றி, வாளித் தண்ணீரில் கால் கழுவி, சப்பாத்தை அங்கேதான் போடுகிறார்கள். பழைய செருப்பெல்லாம் பின்னேரம் வரை கடை வாசலில் கிடக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தச் சாக்கு மறைப்புக்குள் நிற்க வெட்கம், மழை பலத்தால் வீட்டிலேயே நின்றுவிடுகிறார்கள். 2024இலும் 2025இலும் உயர்தரப் பரீட்சையும் இந்த மாதங்களில்தான் வந்தது.

கனடாவில், ஒன்ராறியோவில் ஒரு கிராமப் பக்கமாக என் தங்கச்சியின் மகன் இருக்கிறான். அங்கே ரோடே உறைந்து வழுக்குமாம். கடுங்குளிரில் உப்பு வேலை செய்யாது என்பதால் கிராம ரோடுகளுக்கு மணல் தூவுவார்களாம், அந்த மணலைப் பனி தொடங்க முன்பே குவித்து வைத்துவிடுவார்களாம். எந்தத் தர வீதியில் எத்தனை மணி நேரத்துக்குள் பனியை வழிக்க வேண்டும் என்று மாகாண ஒழுங்குவிதியிலேயே இருக்கிறது. நமக்கு மணி நேரக் கணக்கெல்லாம் வேண்டாம் ஐயா, மாதக் கணக்குச் சரியாக இருந்தாலே போதும். டித்வா போல ஒரு புயல் வந்து ரோட்டைக் கொண்டுபோனால் உங்களைக் குறை சொல்ல மாட்டோம். மாரி அப்படியா? வருடா வருடம் சொல்லிவிட்டுத்தானே வருகிறது.

2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து 2025 மே தேர்தல் வரை உறுப்பினர்களே இல்லை. அப்போது கேட்டால் "சபை வரட்டும்" என்றார்கள். சரி, சபை வந்துவிட்டது. இப்போது கேட்டால் "ஒதுக்கீடு வரட்டும்" என்கிறீர்கள். அது வரும்போது மழையும் கூடவே வருகிறது. திறப்பு விழாவுக்கு நாடா வெட்ட மட்டும் எப்படித்தான் ஒரு வெயில் நாள் கிடைக்கிறதோ!

கோபத்தில் கொஞ்சம் கூடப் பேசிவிட்டேன், குறை நினைக்க வேண்டாம். தாழ்மையாகக் கேட்கிறோம்: அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் கிரவல் ரோட்டு வேலைகளைச் செப்டெம்பர் முடிவதற்குள் முடிக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதித் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். மாரிக்கு முன், அவ்வளவுதான். மதகுக்குள் அடைத்திருக்கும் மண்ணையும் சல்வீனியா என்ற நீர்க்களையையும் நாங்களே சிரமதானத்தில் இறங்கி அள்ளுகிறோம், மண்வெட்டியும் ஆளும் எங்களிடம் உண்டு. கிறேடரையும் ரோலரையும் மட்டும் ஆவணியில் அனுப்பிவையுங்கள். இப்போதைக்கு, பிள்ளைகள் நடக்க ஓரமாக ஒரு வரிசை மண்மூட்டையாவது போட்டுத் தந்தால் பெரிய உதவி.

இப்படிக்கு,
உங்கள் வட்டாரத்து வாக்காளர் ஒருவர்,
திருகோணமலை மாவட்டம்.