எடு, பிடி, கொள்: 'டேக்' என்னும் வினை பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மாணவர் பகுதியில் 'டேக்' என்னும் ஆங்கில வினைக்கு 'எடு' என்று ஒரே பொருளைத் தந்து, அதற்கு இணையாகச் 'சீஸ்', 'கிராப்', 'ரிசீவ்', 'அக்செப்ட்', 'கன்ஸ்யூம்' எனப் பல சொற்களை அடுக்கியிருந்தீர்கள். ஆங்கிலம் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், அந்தப் பட்டியலால் நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என்னிடம் படிக்கும் மாணவி ஒருத்தி, இரவு உணவுக்குப் பின் பாட்டி மருந்து சாப்பிட்டார் என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது, முதலில் 'டுக்' என்று சரியாகவே எழுதியிருந்தாள். பிறகு அதை அடித்துவிட்டு, மேலே 'சீஸ்டு' என்று திருத்தியிருந்தாள். கேட்டபோது, இதழில் இரண்டும் ஒன்று என்று போட்டிருந்ததாகவும், 'சீஸ்' கொஞ்சம் உயர்ந்த சொல்லாகத் தெரிந்ததாகவும் சொன்னாள். வலுக்கட்டாயமாகக் கைப்பற்றுவதற்கும் பறிமுதல் செய்வதற்கும் உரிய சொல் அது. பாட்டி யாரிடமிருந்தோ மருந்தைப் பறித்துக்கொண்டார் என்றுதான் அந்த வாக்கியம் பொருள்படும். பிழையை அந்தப் பிள்ளையின் மேல் சுமத்த எனக்கு மனம் வரவில்லை.

'டேக்' எளிய சொல் அன்று. சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட அகராதியிலேயே அதற்கு 134 பொருள்கள் தரப்பட்டிருந்தன. சொல்லும் ஆங்கிலத்தின் சொந்தச் சொல் அன்று; இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியர்களோடு சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன் வந்து சேர்ந்தது. அதற்கு முன் அந்த இடத்தில் இருந்த 'நிமன்' என்ற வினை வழக்கொழிந்து, 'மரத்துப்போன' என்று பொருள்படும் 'நம்' போன்ற ஓரிரு சொற்களில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: உணர்வு எடுக்கப்பட்டுவிட்டது என்பதே 'நம்' என்பதன் உள்ளர்த்தம். வந்தேறிய 'டாகா' என்பதன் பழம்பொருளோ தொடுதல், பற்றுதல். அதனால்தானோ என்னவோ, நம் 'எடு' பொருந்தாத பல இடங்களில் 'பிடி' இயல்பாகப் பொருந்துகிறது. பஸ்ஸைப் பிடிக்கிறோம், படம் பிடிக்கிறோம், ஒரு வேலை முடிய இரண்டு மணி நேரம் பிடிக்கிறது. மூன்றுக்கும் ஆங்கிலத்தில் 'டேக்'தான்.

'கொள்' என்பதை உங்கள் பகுதி அடியோடு விட்டுவிட்டது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. மருந்தை உட்கொள்கிறோம், பயணம் மேற்கொள்கிறோம், பொறுப்பை ஏற்றுக்கொள்கிறோம், ஒருவர் சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறோம். 'அண்டர்டேக்' என்பதில் முன்னொட்டு செய்யும் வேலையை 'மேற்கொள்' என்பதில் 'மேல்' செய்கிறது. இந்த ஒற்றுமையைக் காட்டினால் மாணவருக்கு அந்த ஆங்கிலச் சொல் அந்நியமாகத் தோன்றாது. இன்னும் சில இடங்களில் இவை எதுவுமே உதவாது: தேர்வை எழுதுகிறோம், வலியைத் தாங்க முடியவில்லை என்கிறோம், 'டேக்ஸ் ஆஃப்டர் ஹிஸ் ஃபாதர்' என்பதை அப்பாவை உரித்து வைத்திருக்கிறான் என்கிறோம். ஓய்வெடுப்பதும் முடிவெடுப்பதும் தமிழில் வேர்பிடித்துவிட்டன, அவற்றோடு எனக்குச் சண்டை இல்லை. 'குளியல் எடுத்தான்' என்று மொழிபெயர்ப்பில் படிக்கும்போதுதான் வருத்தமாக இருக்கிறது.

பட்டியலில் உள்ள சொற்கள் தமக்குள்ளும் சமமானவை அல்ல. ஒருவன் மேசையிலிருந்த பணத்தை 'டுக்' என்றால் எடுத்தான் என்ற அளவில் நிற்கிறது. 'ஸ்டோல்' என்றால் திருடன் என்று தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. 'ஸ்னாச்டு' என்றால் கையிலிருந்து வெடுக்கென்று பறித்தான். வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்த பரிசை 'ரிசீவ்' செய்தாகிவிட்டது, ஆனால் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால் அதை 'அக்செப்ட்' செய்யவில்லை. 'பிரிங்', 'டேக்' இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாடநூல்கள் பக்கக் கணக்கில் விளக்குகின்றன. கொண்டு வா, கொண்டு போ என்று அன்றாடம் பேசுகிற பிள்ளைக்கு அது ஏற்கெனவே நாவில் இருக்கிறது.

அடுத்த இதழில் 'கெட்' என்ற வினை வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். ஒவ்வோர் இணைச்சொல்லின் பக்கத்திலும், அது எந்தப் பெயரோடு சேரும் என்பதைக் காட்டும் ஒரு முழு வாக்கியத்தையும், அந்த வாக்கியத்துக்கு நாம் இயல்பாகச் சொல்லும் தமிழையும் சேர்த்து அச்சிடுங்கள். இடம் போதாதென்றால், சொற்களின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்