கொலையாளியின் பெயரைப் போட்டு உடைத்த கதைச்சுருக்கம்: ஒரு புகார் கடிதம்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: அகதா கிறிஸ்டி நாவலின் தொலைக்காட்சி வடிவம் – கதைச்சுருக்கத்தையும் வசன வரிகளையும் (சப்டைட்டில்) திருத்தக் கோருதல், வாடகைத் தொகையைத் திரும்பக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

தங்கள் தளத்தில் 'தி மர்டர் அட் தி விக்கரேஜ்' படத்தைச் சென்ற வாரம் வாடகைக்கு எடுத்தேன். 1986 கிறிஸ்துமஸ் நாளன்று பி.பி.சி. ஒளிபரப்பிய, துப்பறியும் மூதாட்டி மிஸ் மார்ப்பிளாக ஜோன் ஹிக்சன் நடித்த படம். பணம் கட்டியதும் திரையில் வந்த கதைச்சுருக்கத்திலேயே கொலையாளியின் பெயர் இருந்தது. கொலைக்கான காரணமும் கூடவே இருந்தது. அந்தப் பெயரை இக்கடிதத்தில் எழுதமாட்டேன். தங்கள் அலுவலகத்தில் இன்னும் படத்தைப் பார்க்காதவர் ஒருவராவது இருக்கக்கூடும். அவர் என்ன பாவம் செய்தார்?

"1930இல் வந்த நாவல்தானே, எல்லோருக்கும் முடிவு தெரிந்திருக்குமே" என்று தங்கள் உதவிப் பிரிவு ஊழியர் தொலைபேசியில் சமாதானம் சொன்னார். என் தாயாருக்குத் தெரியாது. அவருக்காகத்தான் படத்தை எடுத்தேன்.

செயின்ட் மேரி மீட் என்ற அந்தச் சிற்றூரில் கர்னல் புரோதெரோவைக் கண்டால் யாருக்கும் ஆகாது. அவரை யாராவது தீர்த்துக்கட்டினால் உலகத்துக்கே நல்லது என்று ஊர்ப் பாதிரியாரே சாப்பாட்டு மேசையில் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறார். பிறகு அதே பாதிரியாரின் எழுதுமேசையில் கர்னல் சுடப்பட்டுக் கிடக்கிறார். நாவலில் அந்த அறையில் கவிழ்ந்து கிடக்கும் கடிகாரம் 6.22இல் நின்றிருக்கும். அதை எப்போதும் கால் மணி நேரம் முன்னதாக ஓட விடுவது அந்த வீட்டின் வழக்கம் என்பது விசாரிக்க வந்த அதிகாரிக்குத் தெரியாது. சந்தேகப்பட ஏழு பேராவது உண்டு என்பார் மிஸ் மார்ப்பிள். அந்த ஏழு பேரையும் மாற்றி மாற்றிச் சந்தேகிப்பதற்குத்தான் நான் பணம் கட்டினேன். தாங்கள் ஆறு பேரைத் தொடக்கத்திலேயே விடுதலை செய்துவிட்டீர்கள்.

அந்தச் சுருக்கத்தை எழுதியவர் படத்தைப் பார்த்தாரா என்பதே ஐயம். திருமணமான ராணுவ வீரர் ஒருவருடன் மிஸ் மார்ப்பிளுக்கு இளமையில் இருந்த காதலைப் பற்றி அதில் ஒரு வரி வருகிறது. நாவலில் அப்படி எதுவும் கிடையாது. 1986 படத்திலும் கிடையாது. 2004இல் ஜெரால்டின் மெக்ஈவன் மிஸ் மார்ப்பிளாக நடித்து, ஐ.டி.வி. என்ற இன்னொரு பிரிட்டிஷ் தொலைக்காட்சி எடுத்த வடிவத்தில் புதிதாகச் சேர்த்தது அது. (அந்தச் சேர்க்கை எனக்குப் பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம், அதற்குத் தாங்கள் பொறுப்பல்ல.) ஆக, ஒரு படத்தின் சுருக்கத்தை எடுத்து இன்னொரு படத்தின் தலையில் கட்டியிருக்கிறீர்கள். இரண்டு படங்களுக்கும் பொதுவாக அதில் எஞ்சியது கொலையாளியின் பெயர் மட்டும்தான்.

சுருக்கத்தை என் தாயார் கண்ணில் படாமல் மறைத்துவிட்டேன். வசன வரிகளை மறைக்க வழியில்லை. அவருக்குக் காது மந்தம். ஓசைக் குறிப்புகளோடு வரும் தமிழ் வசன வரிகள் இல்லாமல் அவரால் படம் பார்க்க முடியாது. வெடிச்சத்தம் எப்போது கேட்டது, எங்கிருந்து கேட்டது என்பதில்தான் இந்தக் கதையின் முடிச்சே இருக்கிறது. அந்த இடத்தில் 'வெடி ஓசை' என்று மட்டும் போட்டிருந்தால் போதும். தங்கள் வசன வரியோ அது யாருடைய கைவேலை என்பதையும் அடைப்புக்குறிக்குள் சேர்த்துச் சொல்கிறது. காது கேட்பவருக்கு மர்மம், கேளாதவருக்கு விடை என்பது என்ன நியாயம்? "அப்படியென்றால் இவர்தானா?" என்று என் தாயார் திரும்பிக் கேட்டார். படம் பாதிகூட ஆகவில்லை. நான் மென்று விழுங்கினேன்.

என் முதல் மின்னஞ்சலுக்கு வந்த பதிலையும் குறிப்பிட வேண்டும். வருத்தம் தெரிவித்துவிட்டு, அதே படத்தை மறுபடியும் இலவசமாகப் பார்க்க ஒரு சலுகைக் குறியீடு அனுப்பியிருந்தீர்கள். அதை வைத்துக்கொண்டு நான் யாரைச் சந்தேகிப்பது?

எனவே, கதைச்சுருக்கத்தை உடனே நீக்கி, படத்தைப் பார்த்த ஒருவரைக் கொண்டு புதிதாக எழுதச் செய்யவும். ஓசைக் குறிப்புகளில் ஓசையை மட்டும் குறிப்பிடவும். ஜோன் ஹிக்சன் 1984 முதல் 1992 வரை நடித்த மற்ற 11 மார்ப்பிள் கதைகளையும் தாங்கள் வைத்திருப்பதால், அவற்றின் சுருக்கங்களையும் சரிபார்க்கவும். நான் கட்டிய வாடகைத் தொகையைச் சலுகைக் குறியீடாக அல்லாமல் பணமாகவே திருப்பித் தரவும். ரசீதையும், சுருக்கமும் அந்த வசன வரியும் தெரியும் திரைப்பிடிப்புகளையும் (ஸ்கிரீன்ஷாட்) இணைத்துள்ளேன். அவற்றைத் திறப்பவர் படத்தை முன்பே பார்த்தவராக இருப்பது நல்லது.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்