மேயருக்கு மார்க் போடுற நம்ம எல்லாருக்கும், பஸ் ஸ்டாப்புலேர்ந்து ஒரு மடல்

எல்லாருக்கும் வணக்கம்.

இது மேயருக்கு எழுதுற லெட்டர் இல்ல. அவருக்கு நிறைய பேர் எழுதுறாங்க, திட்டியும் எழுதுறாங்க, புகழ்ந்தும் எழுதுறாங்க. இத நான் எழுதுறது மேயர் நல்லது பண்ணாரா இல்லையான்னு டீக்கடையிலயும் போன்லயும் பேசிட்டு கடைசில ஓட்டுப் போடுற நமக்கு. ஏன்னா நம்ம எதுக்குக் கைதட்டுறோம், எதுக்குக் கத்துறோம்னு பாத்துத்தான் எந்த ஊரு மேயரா இருந்தாலும் அடுத்த அடி எடுத்து வைப்பார். நம்ம மார்க் போடுற விதமே தப்பா இருக்குன்னு எனக்கு ரொம்ப நாளா மனசுல ஓடிட்டிருக்கு.

நான் இருபது வருஷத்துக்கு மேல தினமும் பஸ்லதான் போறேன். போன மாசம் அம்மாவுக்கு மூட்டு வலின்னு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். வந்தது புது பஸ், தாழ்தள பஸ். ஸ்டாப்ப ஒட்டி நின்னா படி ஏறவே வேண்டாம், பிளாட்பாரத்துலேர்ந்து அப்படியே உள்ள நடந்து போயிடலாம், அதுக்காகத்தான் அவ்ளோ காசு குடுத்து அந்த பஸ்ஸ வாங்குறாங்க. ஆனா ஸ்டாப்புக்கு முன்னாடி ரெண்டு காரும் ஒரு டெலிவரி வேனும் நின்னுச்சு, டிரைவரால ஓரங்கட்ட முடியல, நடு ரோட்டுலயே நிறுத்திட்டார். அம்மா பிளாட்பாரத்துலேர்ந்து ரோட்டுல இறங்கி, ரெண்டு காருக்கு நடுவுல சந்துல நுழைஞ்சு, கம்பியப் பிடிச்சு ஒரு காலத் தூக்கி வச்சாங்க, இன்னொரு கால் வரல. உள்ள நின்ன ஒரு காலேஜ் பையன் கை குடுத்து இழுத்து ஏத்துனான். பின்னாடி ஹாரன் சத்தம். "பரவாயில்ல விடு, பழகிடுச்சு"ன்னு அம்மா சொன்னாங்க.

அந்த புது பஸ்ஸுக்குக் கொடி அசைச்ச படம் எல்லா பேப்பர்லயும் வந்திருக்கும், அதுக்கு மேயர் மார்க்கும் வாங்கியிருப்பார். ஸ்டாப்புக்கு முன்னாடி வண்டி நிக்கவிடாம பாத்துக்கிட்டாரான்னு யாராவது கேட்டிருப்பமா? கேக்கல. நானும் கேட்டதில்ல, அதான் உண்மை.

பஸ்ல ஏறுற அந்த சில செகண்ட உக்காந்து யோசிச்ச ஒரு ஊரு இருக்கு. பிரேசில்ல குரிடிபா. மேயர் ஜைமி லெர்னர், அவர் படிப்பு ஆர்கிடெக்சர். மெட்ரோ தோண்டுற அளவுக்குப் பணம் இல்ல, சரின்னு 1974ல பஸ்ஸுக்கே தனிப் பாதை விட்டு எக்ஸ்பிரஸ் பஸ் ஓட ஆரம்பிச்சுது. அப்புறம் 1991ல கண்ணாடிக் குழாய் மாதிரி ஸ்டாப்புங்க வந்துச்சு. டிக்கெட் காச அந்தக் குழாய்க்குள்ள நுழையறப்பவே கட்டிடணும், குழாயோட தரையும் பஸ்ஸோட தரையும் ஒரே உயரம், பஸ் வந்து நின்னா கதவோட சேந்து ஒரு சின்னப் பலகை விரியும், வயசானவங்களும் வீல்சேர்ல இருக்கறவங்களும் அப்படியே உள்ள போயிடலாம். படில நின்னு சில்லறை தேடற வேலை இல்லாததால பஸ்ஸும் சீக்கிரம் கிளம்பிடும். அம்மா அந்த சந்துக்குள்ள நுழைஞ்சப்போ எனக்கு இதுதான் ஞாபகம் வந்துச்சு.

இப்போ மார்க் விஷயத்துக்கு வரேன். முதல்ல, மேயர் கையில என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்காமலே நம்ம மார்க் போடுறோம். லண்டன எடுத்துக்கோங்க, அங்க மேயர்தான் டிக்கெட் விலைய முடிவு பண்றவர், டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன்ங்கிற அமைப்பே அவருக்குக் கீழதான் வருது, அதனால அங்க பஸ் சரியில்லன்னா மேயரப் பிடிச்சுக் கேக்கலாம், நியாயம். நியூயார்க் அப்படி இல்ல. சப்வேயும் பஸ்ஸும் எம்டிஏகிட்ட, அது மாநில அமைப்பு, கவர்னர் பக்கம் சாயுற அதிகாரம். ஆனா ரோடு சிட்டிக்குச் சொந்தம். பஸ்ஸுக்கு மட்டும்னு தனி லேன் (பஸ் லேன்) போடுறது, அதுல கார் நிக்காம பாத்துக்கறது, ஸ்டாப்ப அகலமாக்கறது எல்லாம் மேயர் செய்ய வேண்டியது. 2019ல அங்க கவுன்சில் ஒரு சட்டமே போட்டுச்சு, அஞ்சு வருஷத்துல 150 மைலுக்கு வேற வண்டி நுழையாம காக்குற பஸ் லேன் வேணும்னு. எரிக் ஆடம்ஸ் மேயரா இருந்த காலத்துல அந்த இலக்குக்குப் பக்கத்துலகூட போகல. ரயில் லேட்டானா மேயரத் திட்டுற ஜனங்க இந்த பஸ் லேன் கணக்க அந்த அளவுக்குக் கேட்டிருந்தா வேற மாதிரி ஆகியிருக்கும்னு நான் நம்புறேன். மேயரால முடியாததுக்கு அவரத் திட்டிட்டு, முடியறதக் கேக்காம விட்டுட்டா அவருக்கு அதவிட சௌகரியம் என்ன இருக்கு?

அடுத்தது, ரிப்பன் வெட்டுறவருக்கே மொத்தப் பேரும் போயிடுது. லண்டன்ல எலிசபெத் லைன்ங்கிற ரயில் பாதைய 2022 மே 24ல திறந்தாங்க. அதுக்குச் சட்டம் பாஸானது 2008ல, வேலை ஆரம்பிச்சது 2009ல. திட்டம் போட்டதுலேர்ந்து திறக்கற வரைக்கும் கென் லிவிங்ஸ்டன், போரிஸ் ஜான்சன், சாதிக் கான்னு மூணு மேயர் காலம் ஆச்சு. 2018 டிசம்பர்ல திறக்கறதா இருந்தது மூணு வருஷத்துக்கு மேல தள்ளிப் போச்சு. இதுல பாராட்ட யாருக்குக் குடுக்கறது, லேட்டுக்கு யாரத் திட்டறது, ஒரே ஆளக் கை காட்டவே முடியாது.

எனக்கு ரொம்ப முக்கியமாப் படறது நம்ம கோவத்தோட டைமிங். எந்த மாத்தத்துக்கும் முதல் மாசத்துல வர்ற கத்தல வச்சு நம்ம தீர்ப்பு எழுதிடறோம். ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோம் கதைய நான் பாக்கறவங்ககிட்டல்லாம் சொல்லிட்டிருக்கேன். சிட்டிக்குள்ள கார் நுழைஞ்சா கட்டணம்னு 2006 ஜனவரி 3ல ஆரம்பிச்சு ஜூலை கடைசி வரைக்கும் ஒரு சோதனை ஓட்டம் விட்டாங்க. அதுக்குப் பல மாசம் முன்னாடியே எக்ஸ்ட்ரா பஸ் விட்டாச்சு, இந்த வரிசைய கவனிங்க, முதல்ல பஸ், அப்புறம்தான் கட்டணம். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஜனங்கள்ல பெரும்பாலானவங்க எதிர்ப்பு. ஆனா ஆரம்பிச்ச உடனே எல்லையத் தாண்டி வர்ற வண்டி சுமார் இருபது சதவீதம் குறைஞ்சுது, ரோடு காலியா இருக்கறத ஜனங்க கண்ணாலயே பாத்தாங்க. ஜூலையோட நிறுத்தினதும் ட்ராஃபிக் மறுபடி ஏறுச்சு, அதயும் பாத்தாங்க. செப்டம்பர் 17ல ஓட்டெடுப்பு நடந்தப்போ சிட்டி ஜனங்க பாதிக்கு மேல வேணும்னு ஓட்டுப் போட்டாங்க. 2007 ஆகஸ்ட்லேர்ந்து அது நிரந்தரமாயிடுச்சு, அடுத்த சில வருஷத்துல ஆதரவு இன்னும் கூடிச்சு.

ஆனா அதே நாள் தேர்தல்ல மேயர் அன்னிகா பில்ஸ்ட்ரோம் பக்கம் தோத்துப் போச்சு. தோத்ததுக்குப் பல காரணம் இருக்கலாம், நாடு முழுக்க அன்னிக்கு ஆட்சியே மாறுச்சு. ஆனா 2002 தேர்தலுக்கு முன்னாடி இந்தக் கட்டணம் என் காலத்துல வராதுன்னு வாக்கு குடுத்துட்டு அப்புறம் கொண்டு வந்தவங்க அவங்க. திட்டம் வேணும், வாக்கு மீறினவங்க வேண்டாம்னு ஒரே நாள்ல ரெண்டு தனித்தனி சீட்டுல ஒருத்தர் சொல்ல முடிஞ்சுது பாருங்க. எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருக்கு. நமக்கு அப்படிப் பிரிச்சுப் பாக்கற பழக்கமே இல்ல, ஆளப் பிடிக்கலன்னா அவர் போட்ட பஸ் லேனும் பிடிக்காது, ஆளப் பிடிச்சா வராத பஸ்ஸுக்கும் நம்மளே சப்பைக்கட்டு கட்டுவோம்.

சியோல்லயும் இதே மாதிரிதான். 2004 ஜூலை 1ல மேயர் லீ மியுங் பாக் ஒரே நாள்ல மொத்த பஸ் ரூட்டயும் மாத்தினார். நீலம், பச்சை, சிவப்பு, மஞ்சள்னு பஸ்ஸுக்கு ரூட்டப் பொறுத்து கலர், ரோட்டு நடுவுல பஸ் லேன், பஸ்ஸுலேர்ந்து ரயிலுக்கு மாறினாலும் மொத்தமாப் போன தூரத்துக்கு ஒரே கட்டணம், புது கார்டு. முதல் நாளே கார்டு மெஷின் மக்கர் பண்ணுச்சு, நடு லேன்ல பஸ்ஸுங்க ரயில் மாதிரி வரிசையா நின்னுச்சு, ஜனங்களுக்கு எந்த பஸ் எங்க போகுதுன்னே புரியல, மேயர் மன்னிப்புக் கேக்க வேண்டியதாப் போச்சு. அந்த வாரத்துல கருத்துக் கேட்டிருந்தா அவருக்கு ஜீரோதான் விழுந்திருக்கும். சில மாசத்துல எல்லாம் படிஞ்சு, பஸ் வேகமா ஓட ஆரம்பிச்சு, இன்னிக்கு வேற வேற ஊர்க்காரங்க போய்ப் பாத்துக் கத்துக்கற சிஸ்டமா ஆயிடுச்சு. அதுக்காக முதல் நாள் கஷ்டப்பட்டவங்க கோவம் தப்புன்னு நான் சொல்ல வரல, வேலைக்கு லேட்டாப் போனவங்களுக்குத்தான் அந்த வலி தெரியும். கோவப்படுங்க, ஆனா தீர்ப்ப ஒரு வருஷம் கழிச்சு எழுதுங்கன்னுதான் கேக்கறேன்.

இதுக்கு நேர் தலைகீழா ஆரம்பத்துல புகழ்ந்துட்டு அப்புறம் மறந்துடறதும் நடக்குது. கொலம்பியாவுல போகோட்டா மேயர் என்ரிக் பெனலோசா அவர் பதவிக்காலம் முடியற 2000 டிசம்பர்ல தனிப் பாதைல ஓடற டிரான்ஸ்மிலேனியோ பஸ்ஸத் தொடங்கினார். உலகமே புகழ்ந்துச்சு. பஸ்ஸ நம்பி ஜனங்க வந்துக்கிட்டே இருந்தாங்க, ஆனா பஸ்ஸும் பாதையும் அந்த வேகத்துல கூடல, உள்ள மூச்சு முட்டற கூட்டம். 2012ல ஸ்டேஷன்லயே போராட்டம், கல்லெறி எல்லாம் ஆச்சு. ஆரம்பிச்ச மேயருக்கு நூத்துக்கு நூறு போட்டவங்க, அடுத்தடுத்து வந்தவங்ககிட்ட நீங்க எத்தன கிலோமீட்டர் கூட்டுனீங்கன்னு கேட்டுட்டே இருந்திருக்கணும்.

இலவச பஸ் பத்தியும் சொல்லணும், ஏன்னா இப்போ தேர்தல்னாலே அதுதான் பேச்சு. நியூயார்க் மேயர் தேர்தல்ல 2025ல ஸோரான் மம்தானி பஸ் வேகமாவும் இலவசமாவும் ஓடணும்னு சொல்லி ஜெயிச்சார். எஸ்டோனியாவுல தாலின் நகரம் இத முன்னாடியே பண்ணிடுச்சு, 2012ல ஜனங்ககிட்ட ஓட்டெடுப்பு வச்சு, முக்கால்வாசிப் பேர் சரின்னதும் 2013 ஜனவரி 1லேர்ந்து ஊர்ல பதிவு பண்ணவங்களுக்கு டிக்கெட் கிடையாது. காசு இல்லாதவங்களுக்கு அது பெரிய நிம்மதி, அத நான் குறைச்சு சொல்லவே மாட்டேன். ஆனா கார் ஓட்டறவங்க பெருசா கார விட்டு இறங்கல, புதுசா ஏறினவங்கள்ல நிறைய பேர் முன்னாடி நடந்து போனவங்க. கார்ல போறவர டிக்கெட் விலை தடுக்கல, எப்போ வரும்னு தெரியாத பஸ்தான் தடுக்குது. என்னக் கேட்டா இல்லாதவங்களுக்கு இலவசம் குடுத்துட்டு, மிச்சப் பணத்த எல்லாம் பஸ் அடிக்கடி வர்றதுல போடுங்கம்பேன். ரெண்டும் முடிஞ்சா ரொம்ப சந்தோஷம்.

பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ்னு போர்டுல எழுதியிருக்கும். ஒழுங்கா வந்தா சராசரியா அஞ்சு நிமிஷம் நிப்போம். ஆனா நடக்கறது என்ன, அரை மணி ஒண்ணும் வராது, அப்புறம் மூணு பஸ் வால் பிடிச்ச மாதிரி ஒண்ணா வரும். முதல் பஸ் கொஞ்சம் லேட்டானா ஸ்டாப்புல ஆள் சேந்துடுது, அவங்க ஏற நேரமாகுது, இன்னும் லேட்டாகுது, பின்னாடி வர்ற பஸ்ஸுக்கு ஆளே இருக்காது, அது ஓடி வந்து முன்னாடி இருக்கறதப் பிடிச்சிடுது. கணக்குல மணிக்கு ஆறு பஸ் ஓடியாச்சு, மேயர் ஆபீஸ் அறிக்கைல எல்லாம் சரி. ஸ்டாப்புல நின்னவங்களுக்கு மட்டும் அஞ்சு நிமிஷம் பதினஞ்சு ஆயிடுச்சு, அதயும் முதல் பஸ்ஸுல நசுங்கிட்டுப் போனாங்க. லண்டன்ல இத அளக்கவே எக்ஸஸ் வெயிட் டைம்னு ஒண்ணு வச்சிருக்காங்க, அட்டவணைப்படி நிக்க வேண்டியதவிட ஜனங்க எவ்ளோ நேரம் கூடுதலா நின்னாங்கங்கிறது. அடிக்கடி ஓடற ரூட்டுக்கெல்லாம் அத வச்சுத்தான் பஸ் கம்பெனிக்குப் போனஸும் குடுக்கறாங்க, பணத்தையும் பிடிக்கறாங்க. நம்ம மேயரப் பத்திப் பேசும்போது கேக்க வேண்டிய நம்பர் இதுதான். எத்தன பஸ் வாங்குனீங்கங்கிற கேள்விய இதுக்கப்புறம் வச்சுக்கலாம்.

அதனால ஒரே ஒரு உதவி கேக்கறேன். அடுத்த ரெண்டு வாரம் ஸ்டாப்புக்கு வந்த நேரம், பஸ் வந்த நேரம், பஸ் ஸ்டாப்ப ஒட்டி நின்னுச்சா நடு ரோட்டுல நின்னுச்சா, இந்த மூணையும் போன்ல குறிச்சு வைங்க. வேற ஒண்ணும் வேண்டாம், ஒரு நாளைக்கு ஒரு நிமிஷ வேலை. உங்க ஸ்டாப்புல நிக்கிற இன்னும் ரெண்டு பேர்கிட்டயும் சொல்லுங்க. அந்தக் கணக்கோட கவுன்சில் கூட்டத்துக்குப் போவோம், ஓட்டுக் கேட்டு வர்றவங்ககிட்டயும் நீட்டுவோம், எந்தக் கட்சியா இருந்தாலும் சரி. நான் திங்கக்கிழமைலேர்ந்து குறிக்க ஆரம்பிச்சுட்டேன். ஏழு நாள்ல பஸ் ஸ்டாப்ப ஒட்டி நின்னது ரெண்டே தடவ.

இப்படிக்கு,
தினமும் உங்களோட வரிசைல நிக்கிற ஒரு பயணி